கிரேயானைப் பிடுங்கிய கை

"சோறு போட்டால் போதாதா? இந்தப் பிள்ளைக்கு ஏனப்பா சித்திரமும் சிங்காரமும்?" என்று கேட்கிறார்கள், இரக்கமுள்ள பெரிய மனிதர்கள்! அவர்களுக்கு ஜூடித் ஸ்காட்டின் கதையைச் சொல்லுவோம்.

அமெரிக்காவிலே 1943-இல் இரட்டையரில் ஒருத்தியாகப் பிறந்தாள். டவுன் குறைபாடு. காதும் கேளாது, அதைக்கூட எவரும் கண்டறியவில்லை! ஏழு வயதில் விடுதியிலே தள்ளினர். வரைய ஆசைப்பட்டாள், 'அறிவில்லாதவளுக்கு ஏன்?' என்று கிரேயானைப் பிடுங்கினர். சுமார் 35 ஆண்டுகள் அங்கேயே!

மீட்டது யார்? அரசா? ஆண்டவனா? உடன்பிறந்த ஜாய்ஸ்! 1987-இல் ஓக்லாந்து நகரின் 'கிரியேட்டிவ் குரோத்' கலைக்கூடத்தில் சேர்த்தார். நெடுநாள் ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை. பிறகு கிடைத்தது நூல். அகப்பட்ட பொருளையெல்லாம் நூலால் சுற்றினார், சுற்றினார், சிற்பங்கள் பிறந்தன! 2005-இல் அம்மையார் மறைந்தார். 2014-இல் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் அவர் படைப்புகளுக்கெனக் கண்காட்சியே நடத்தியது.

ஏழு வயதிலேயே அந்த நூல் கிடைத்திருந்தால்?

தோழர்களே, கலையில் எல்லோரோடும் சமமாகப் பங்குபெறுவது மாற்றுத்திறனாளியின் உரிமை என்கிறது இந்நாட்டின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம், 29-ஆம் பிரிவு. பிச்சையல்ல, உரிமை! பள்ளி விழா ஒத்திகையில் உங்கள் பிள்ளையை ஓரங்கட்டினால், அந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். தனிக் கொட்டகை வேண்டாம். அண்ணன் தங்கையோடு அதே மேடையில் நிற்கட்டும். பெற்றோரையும் ஒத்திகைக்கு அழைக்கச் சொல்லுங்கள்.