ஜன்னலில் கட்டிய கயிறு



கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய 4 ஞாயிறுகளை அட்வெந்து காலமாகப் பல சபைகள் ஆசரிக்கின்றன. நமது சபைகளில் அவ்வழக்கம் அதிகமில்லை. ஆயினும் காத்திருத்தல் நமக்குப் புதிதல்லவே! ஊரை விட்டு வந்து, நிரந்தர வேலைக்காகவும் பிள்ளைப்பேற்றுக்காகவும் வருடக்கணக்காய்க் காத்திருப்போர் நம்மில் உண்டு.

எபிரெயத்தில் நம்பிக்கையைக் குறிக்கும் சொல் 'திக்வா'. யோசுவா 2-ஆம் அதிகாரத்தில் ராகாப் ஜன்னலில் கட்டிய சிவப்புக் கயிற்றுக்கும் அதே சொல்தான். 6 நாட்கள் இஸ்ரவேலர் எரிகோவைச் சுற்றினார்கள். எக்காளம் தொனித்தது, மதிலோ அசையவில்லை. மாலைதோறும் அவர்கள் பாளயத்துக்குத் திரும்புகையில், வீட்டுக்குள் அடைந்திருந்த தகப்பனும் தாயும் சகோதரரும் அவளிடம் என்னென்ன கேட்டிருப்பார்களோ! வேதம் அதைச் சொல்லவில்லை. கயிறு ஜன்னலிலேயே இருந்தது. 7-ஆம் நாள் மதில் விழுந்தது; அவள் வீட்டார் உயிரோடே வெளியே வந்தார்கள்.

மத்தேயு 1:5-இல், இயேசுவின் வம்ச வரலாற்றில், அந்த அந்நிய ஸ்திரீயின் பெயர் இருக்கிறது.