மஞ்சட்காமாலையும் மருத்துவப் பாடமும்

மஞ்சட்காமாலை கண்ட ஒருவர் மருத்துவமனைக்கு வருகிறார். அவர் கண்களின் வெண்பகுதி மஞ்சள் பூத்திருக்கிறது; மலமோ களிமண்போல் வெளுத்திருக்கிறது. காரணம் யாது?

மாணவ நேயர்களே, இவ்வொரு வினாவுக்கு விடை காண மூன்று நான்கு துறைகளின் துணை வேண்டும். சுமார் 120 நாள் வாழ்ந்து மடியும் இரத்தச் சிவப்பணுக்களினின்று பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. ஈரல் அதனை நீரில் கரையும்படி மாற்றிப் பித்தநீரில் சேர்க்கிறது. இஃது உயிர் இரசாயனம் கூறும் செய்தி. பித்தநாளம் கணையத்தின் தலைப்பகுதிக்குப் பின்னே ஓடிச் சிறுகுடலில் திறப்பதை உடற்கூற்றியல் காட்டும். கல்லோ, கணையத்தில் எழுந்த கட்டியோ அந்நாளத்தை அடைப்பதை நோயியல் விளக்கும். அடைபட்டால் நிறப்பொருள் குடலை எட்டுவதில்லை. ஆகவே மலம் வெளுக்கிறது. குருதியில் தேங்கிய நிறம் கண்ணில் தோன்றுகிறது. சிறுநீரிலும் இறங்கி அதனைக் கருமையாக்குகிறது.

இவற்றை வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு அறைகளில் பயின்ற மாணவன், நோயாளியின் கட்டிலருகே நிற்கும்போது ஒன்றுசேர்க்கத் திகைக்கிறான். முதலில் அடிப்படை விஞ்ஞானம், பின்னரே நோயாளி என்னும் அமைப்பு, அமெரிக்காவில் 1910இல் வெளிவந்த பிளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பின் வேரூன்றியது. கிளீவ்லாந்து நகரின் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் 1952இல் அம்முறையை மாற்றியது. இதயம், நுரையீரல் என உறுப்பு மண்டலங்கள்தோறும் பல துறை ஆசிரியர் ஒன்றுகூடிப் பாடம் வகுத்தனர். இந்தியாவில் 2019இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர் முதலாக வந்த புதிய பாடத்திட்டமும் இத்தகைய ஒருங்கிணைந்த போதனையை வலியுறுத்துகிறது.

உடலியங்கியல் ஆசிரியனாகிய நான் இதனை வரவேற்பவன். எனினும், உடற்கூற்றியல் நண்பர்களின் அச்சத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. நரம்பின் போக்கினைப் பொறுமையாக அறுத்துக் கண்டறியாதவன், நாளை அறுவைக் கத்தியைக் கையிலெடுத்தால் என்னாகும் என்கின்றனர். இணைப்பின் பெயரால் அறுத்துப் பயிலும் நேரம் குறைதல் ஆகாது என்பதே என் கருத்தும். அறுவை நிபுணருக்கோ வேறு இடர். காலைச் சிகிச்சையை விட்டு வகுப்புக்கு வர அவருக்கு ஓய்வேது? ஆதலின் சிலவிடங்களில் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து தத்தம் சொற்பொழிவை நிகழ்த்திச் செல்கின்றனர். அதனை வரிசை எனலாம், இணைப்பு எனலாகாது.

மாணவர் மனம் இருவகைப்பட்டது. முதலாண்டிலேயே நோயாளியைக் காண்பதில் அவர்களுக்குப் பேருவகை. ஆயினும் வகுப்பு முடிந்ததும், "ஐயா, இது எந்தத் தாளில் வரும்?" என்று வினவுகின்றனர். அவர்களைக் குறைகூற வழியில்லை. பாடத்தை இணைத்துவிட்டுத் தேர்வைத் துறைவாரியாக வைப்பவர்கள் நாமல்லவா?

ஒருமுறை காமாலை பற்றிய வினா ஒன்றை இரு துறையினர் சேர்ந்து எளிதாக அமைத்தோம். விடைத்தாளைத் திருத்துவது எத்துறை என்பதைத் தீர்மானிக்கத்தான் ஒரு வாரம் சென்றது.