பொழுதுபோக்குப் படமும் பொதுப் பயனும்

விடுமுறை நாளில் பூங்காவில் எடுத்த வண்ணத்துப்பூச்சிப் படம் குடும்ப ஆல்பத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை. 2008இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய ‘ஐநேச்சுரலிஸ்ட்’ இணையத்தளம், இத்தகைய படங்களை உலகெங்குமுள்ள ஆர்வலர்களின் பார்வைக்கு வைக்கிறது. படத்துடன் தேதியும் இடமும் தர வேண்டும். உயிரினத்தின் பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, அறிந்தவர்கள் சொல்வார்கள். பெயர் கூறியவர்களுள் மூன்றில் இரு பங்கிற்கு மேற்பட்டோர் ஒத்துப்போனால், அப்பதிவு ஆராய்ச்சிக்கும் உதவுகிறது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. அரிய ஆர்க்கிட் மலர் பூத்த இடத்தைத் துல்லியமாகக் காட்டினால், பறிப்போருக்கு அதுவே வழிகாட்டியாகிவிடும். ஆகவே, அழியும் நிலையிலுள்ள பல இனங்களின் சரியான இடத்தை அத்தளமே மறைத்துவிடுகிறது. மற்றவற்றின் இடத்தைப் படமெடுத்தவரும் மறைக்கலாம். பறவைக் கூட்டைப் படமெடுக்கும் அன்பர்கள் இவ்வசதியை மறவாமல் பயன்படுத்துவது நலம்.