வீட்டின் போர்வை

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது பழமொழி. உடல்நலத்தின் இன்றியமையாமையை உணர்த்த இதனைக் கூறுவர். ஆயினும், இதன் நேர்ப்பொருளும் எண்ணிப் பார்க்கத்தக்கது. சுவர் உறுதியாக நில்லாவிடின் வீடு இல்லை. வீடு இல்லையேல் வாழ்வில் அமைதி இல்லை. வெயில், மழை, காற்று ஆகிய மூன்றையும் நேரே தாங்கி நிற்பது வீட்டின் வெளிச்சுவரே. உடலுக்கு ஆடை எத்தகையதோ, சுவருக்கு அதன் வெளிப்புறப் போர்வை அத்தகையது. குளிர்நாட்டார் கம்பளி உடுப்பர். வெப்பநாட்டார் பருத்தி உடுப்பர். சுவரின் போர்வையும் அவ்வாறே நிலத்துக்கு நிலம் வேறுபடும்.

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், வாலாஜாபேட்டைக்குக் கிழக்கே உள்ளது காவேரிப்பாக்கம். 2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், இப்பொழுது இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. பல்லவர் காலத்ததாகிய இவ்வூர் ஏரி, தமிழகத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்று. பாலாற்று அணைக்கட்டிலிருந்து வரும் கால்வாய் அதற்கு நீர் ஊட்டுகின்றது. சித்திரை, வைகாசித் திங்கள்களில் இவ்வட்டாரத்தின் வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடப்பது வழக்கம். ஐப்பசி, கார்த்திகையிலோ வடகிழக்குப் பருவமழை பெய்யும். வங்கக்கடலில் புயல் தோன்றினால் மழை நாட்கணக்கில் விடாது கொட்டும். வெயிலில் வறுபட்ட அதே சுவர், ஆறு திங்களுக்குள் மழையில் ஊறவும் வேண்டும். இவ்விரண்டையும் தாங்கும் சுவரே இங்கு நற்சுவர்.

முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். அவர்கள் மண்சுவரைத் தடிப்பாக எழுப்பினர். தடித்த சுவரில் வெயிலின் வெப்பம் மெல்ல மெல்லவே ஊடுருவும். நண்பகலில் வெளிப்புறம் கொதித்தாலும், அவ்வெப்பம் உட்புறத்தை அடையப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சுவருக்குப் பூசிய வெள்ளைச் சுண்ணாம்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். கூரையின் இறவாணம் சுவருக்கு வெளியே நீண்டு தாழ்ந்திருக்கும். அது வெயிலுக்கு நிழலும் மழைக்குக் குடையும் ஆகும். வீட்டின் அடித்தளத்தை உயர்த்தித் திண்ணை அமைத்தனர். தெருவில் ஓடும் நீர் சுவரைத் தொடாது. மழைக்காலம் நெருங்கும்போது, சாரல் அடிக்கும் பக்கத்தில் தென்னங்கீற்றுத் தட்டியைக் கட்டி மறைத்தனர். ஏழையின் சுவருக்கு அதுவே போர்வை.

வெயிலைக் காட்டிலும் சுவருக்குப் பெரும்பகை நீரே. களிமண்ணின் நுண்துகள்கள் உலர்ந்திருக்கும்போது ஒன்றையொன்று இறுகப் பற்றி நிற்கின்றன. நீர் புகுந்தால் அப்பிடிப்பு நெகிழ்கின்றது. மண்ணைச் சாந்தாகக் கொண்டு கட்டிய செங்கற்சுவருக்கும் இக்கேடு உண்டு. கூரையிலிருந்து வடியும் நீர் தரையில் விழுந்து தெறித்துச் சுவரின் அடியை அரிக்கின்றது. மேலே பாரம் குறையவில்லை. கீழே வலிமை குறைகின்றது. இறுதியில் ஓர் இரவில் சுவர் சாய்கின்றது. 2021ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பெய்த பெருமழையால் பாலாறு கரைபுரண்டு ஓடியது. அத்திங்கள் 19ஆம் நாள், தோல்தொழிலுக்குப் பெயர்பெற்ற பேரணாம்பட்டில் வீட்டுச்சுவர் இடிந்து விழுந்ததில், குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் உயிரிழந்தனர். சுவரைக் காப்பது அழகுக்காக மட்டும் அன்று. உயிருக்காகவும் ஆகும் என்பதை இத்துயரம் உணர்த்துகின்றது.

இனி, உலகின் பிற பகுதிகளில் சுவருக்கு எவ்வகைப் போர்வை அமைக்கின்றனர் என்பதைக் காண்பது பயனுடைத்து. நார்வே, சுவீடன், வட அமெரிக்கா போன்ற குளிர்நாடுகளில் காடுகள் மிகுதி. அங்கே வீட்டின் வெளிப்புறத்தில் நீண்ட பலகைகளைக் கிடைமட்டமாக அடுக்கி அறைகின்றனர். மேற்பலகையின் கீழ்விளிம்பு, கீழ்ப்பலகையின் மேல்விளிம்பை மூடி நிற்கும். மழைநீர் ஒரு பலகையிலிருந்து அடுத்த பலகைக்கு வழிந்து, உள்ளே புகாமல் தரையை அடைகின்றது. மீனின் செதிளும், நாட்டு ஓடும், கீற்றுக் கூரையும் இம்முறையில் அமைந்தவையே. காவேரிப்பாக்கத்தில் கூரை வேய்பவரும் கடல் கடந்த நாட்டுத் தச்சரும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே உண்மையைக் கண்டறிந்தனர். மேலது கீழதை மூட வேண்டும் என்பதே அவ்வுண்மை.

நல்ல மரம் அரிதாகியபோது, ஆலைகளில் பலகை செய்யும் முறை தோன்றியது. மரத்தை மெல்லிய சீவல்களாக்கி, பிசினும் மெழுகும் கலந்து, மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் பலகையாக இறுக்குகின்றனர். இயற்கைப் பலகையில் காணும் கணுவும் கோணலும் இதில் இல்லை. ஆயினும், தொடக்கத்தில் இதற்கும் நீரே பகையாயிற்று. 1980, 1990ஆம் ஆண்டுகளையொட்டி, அமெரிக்காவில் இத்தகைய பலகைகள் பல ஈரம் ஏறி உப்பின, விளிம்புகள் உளுத்தன, வீட்டுக்காரர்கள் வழக்குத் தொடுத்தனர். பின்னர்ச் செய்தவற்றில் பூஞ்சையையும் கறையானையும் தடுக்கத் துத்தநாக போரேட்டு என்னும் உப்பைச் சேர்த்தனர். பிசின் தோய்ந்த தாளால் பலகையின் முகத்தை மூடினர். பலகையைப் பொருத்தும் முறையிலும் கண்டிப்பு வந்தது. ஒன்றன்மேல் ஒன்று ஓர் அங்குலமாவது படிய வேண்டும்; தரைக்கும் பலகைக்கும் இடையே ஆறு அங்குலம் வேண்டும்; இரு பலகைகள் சந்திக்கும் இடத்தில், ஈரத்தில் விரிவதற்கு இடம் விட வேண்டும்; அறுத்த விளிம்பு ஒவ்வொன்றுக்கும் வண்ணம் பூச வேண்டும். பலகையின் முகம் எவ்வளவு உறுதியாயினும், பூசாமல் விட்ட விளிம்பு வழியே கேடு புகுந்துவிடும்.

இத்தகைய பலகை காவேரிப்பாக்கத்திற்கு ஏற்றதா? பிற நாட்டில் சிறந்தது என்பதனாலேயே ஒரு பொருள் இந்நாட்டிற்கும் சிறந்ததாகிவிடாது. பலகை மெல்லியது, தடித்த சுவரைப்போல் வெப்பத்தைத் தாமதப்படுத்தும் ஆற்றல் அதற்கு இல்லை. கறையான் மிகுந்த நிலத்தில் அதற்கு இடைவிடாத காவல் வேண்டும். கடும் வெயிலில் வண்ணம் விரைவில் வெளிறும். மீண்டும் மீண்டும் பூசும் செலவு எளியோருக்குச் சுமையாகும். ஆதலின், உயர்ந்த அடித்தளத்தின்மீது எழுப்பிய செங்கற்சுவரும், அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சும், நீண்ட இறவாணமுமே இங்குள்ள வீடுகளுக்கு முதன்மையான காப்பு. மாலை வெயில் தாக்கும் மேற்குச் சுவருக்கு மட்டும் தனிப்போர்வை அமைக்கலாம். கீற்றுத் தட்டி மலிவானது. ஆனால் எளிதில் தீப்பற்றும். இழைச் சிமெண்டுப் பலகையைக் கறையான் அரிக்காது, தீயும் பற்றாது. எப்பலகையாயினும் அதனைச் சுவரோடு ஒட்டி அறையாமல், நடுவே சட்டங்கள் வைத்து இடைவெளி விட வேண்டும். அவ்விடைவெளியில் சூடேறிய காற்று மேலே எழுந்து வெளியேறும். புகுந்த ஈரமும் உலரும்.

புதிய பொருள்களை இந்நாட்டின் இயல்புக்கு ஏற்ப ஆக்கும் முயற்சியும் நடந்துள்ளது. பெங்களூரில் இயங்கிய இந்திய ஒட்டுப்பலகைத் தொழில் ஆராய்ச்சி நிறுவனம், மூங்கிற் பாய்களைப் பிசினால் ஒட்டி இறுக்கிக் கூரைக்கான நெளிதகடுகளை உருவாக்கியது. விரைந்து வளரும் மூங்கில், மரத்தின் இடத்தை ஓரளவு நிரப்ப வல்லது.

எனவே, வீடு கட்டுவோர் ஒரு போர்வையைத் தேர்ந்தெடுக்குமுன் நான்கு வினாக்களை எழுப்ப வேண்டும். இது வெயிலை எவ்வாறு தடுக்கும்? இதன்மேல் விழும் நீர் எவ்வழியே வெளியேறும்? கறையானுக்கும் தீக்கும் இது நிற்குமா? பழுதுற்றால் உள்ளூர்க் கொத்தனாரும் தச்சரும் இதைச் சீர்செய்ய இயலுமா? இந்நான்கிற்கும் தக்க விடை கிடைக்குமாயின் அப்பொருளை நம்பிக் கொள்ளலாம்.

தேர்ந்தெடுப்பதோடு கடமை முடிவதில்லை. ஆண்டுதோறும் ஐப்பசி பிறக்குமுன் சுவரைச் சுற்றி வந்து நோக்க வேண்டும். வெடிப்பைப் பூச வேண்டும். அடியில் தேங்கும் நீருக்கு வடிகால் அமைக்க வேண்டும். சாய்ந்த சுவரின் அருகே எவரும் உறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கூடைச் சாந்தும் ஒரு நாள் உழைப்பும் ஒரு குடும்பத்தையே காக்கக்கூடும். மழை வருமுன் சுவரைக் காப்பவர், மழை வந்தபின் அச்சமின்றி உறங்குவர்.