உப்பு... சர்க்கரை... தண்ணீர்! கோடி உயிர்களைக் காத்த கதை

குழந்தைக்கு வயிற்றோட்டம். காலையிலிருந்து ஆறு தடவை தண்ணீராகப் போய்விட்டது. உதடு காய்ந்து, 'தண்ணி... தண்ணி...' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுகிறோம். அவர் நன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டுகிறார். ''இதை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்'' என்கிறார்.

நம் முகம் வாடிவிடுகிறது. ''இவ்வளவுதானா டாக்டர்? ஊசி கிடையாதா? ஒரு பாட்டில் குளுகோஸாவது ஏத்திடுங்களேன்!''

அந்தப் பொட்டலத்தை அப்படிச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றம் இதுவாகவே இருக்கலாம் என்று 'லான்செட்' மருத்துவப் பத்திரிகை 1978-ல் தலையங்கமே எழுதியது. அதற்குள் இருப்பது என்ன? உப்பும் குளுகோஸும்தான், கூடவே இன்னும் இரண்டு உப்புகள். இதைக் கண்டுபிடிக்க மனிதனுக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. கண்டுபிடித்த பிறகும், நம்ப வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது!

உயிர் எப்படிப் போகிறது?

வயிற்றோட்டத்தில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது கிருமி அல்ல. உடம்பிலிருந்து வெளியேறும் தண்ணீரும் உப்பும்தான். காலரா கடுமையாகத் தாக்கினால், பெரியவர்களுக்கே மணிக்கு ஒரு லிட்டர் வரை வெளியேறிவிடும். ரத்தம் கெட்டியாகிறது, நாடி தளர்கிறது, சிறுநீர் நின்றுபோகிறது. காலையில் நன்றாக இருந்தவர் ராத்திரிக்குள் போய்விடுவார்.

இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர், வில்லியம் புரூக் ஓஷானஸி. 1831-ல் இங்கிலாந்தில் காலரா பரவியபோது அவருக்கு வயது 22. நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, 'இதில் தண்ணீரும் உப்பும் குறைந்துபோயிருக்கிறது' என்று எழுதினார். (பின்னாளில் இவரேதான் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியாவுக்குத் தந்தி வசதியைக் கொண்டுவந்தவர்!)

அதைப் படித்த ஸ்காட்லாந்து டாக்டர் தாமஸ் லாட்டா, 1832-ல் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். சாகக் கிடந்த ஒரு மூதாட்டியின் ரத்தக் குழாயில் உப்புத் தண்ணீரை ஏற்றினார். குழி விழுந்த கண்ணில் ஒளி வந்தது, முகத்தில் களை வந்தது! ஆனால் பேதி மறுபடி தொடர்ந்தது. மேற்கொண்டு யாரும் ஏற்றாததால் சில மணி நேரத்தில் அந்த அம்மாள் இறந்துபோனார். இன்று நாம் 'டிரிப்ஸ்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதற்கு ஆரம்பம் அதுதான்.

டிரிப்ஸ் உயிரைக் காக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குச் சுத்தமான சலைன் வேண்டும், ஊசி வேண்டும், குத்தத் தெரிந்தவர் வேண்டும். காலரா வருவதோ குடிசைகளில், வெள்ளத்தில், அகதி முகாம்களில்! அங்கே இதற்கெல்லாம் எங்கே போவது?

'குடித்தால் நிற்காது!'

''அப்படியானால் உப்புத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துவிட வேண்டியதுதானே?'' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் டாக்டர்கள் அதை நம்பவில்லை. காலரா வந்தால் குடலின் உட்தோலே உரிந்துபோகிறது, எதைக் குடித்தாலும் அப்படியே வெளியே வந்துவிடும் என்பது வெகுகால நம்பிக்கை.

1953-ல் கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, அவ்வளவு கடுமையாக இல்லாத காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுகோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்துக் குணப்படுத்தினார். லான்செட் பத்திரிகையிலேயே எழுதவும் செய்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை!

பிறகு அந்தப் பழைய நம்பிக்கை மெல்ல உடைந்தது. 1959-ல் பாங்காக்கில் காலரா பரவியபோது, யூஜின் காங்கரோசா என்ற அமெரிக்க டாக்டர் நோயாளிகளின் குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். குடல் தோல் உரியவே இல்லை! அதே வருஷம் கல்கத்தாவில் சம்புநாத் டே என்ற விஞ்ஞானி, காலராக் கிருமி சுரக்கும் ஒரு நச்சுதான் குடலுக்குள் தண்ணீரைக் கொட்ட வைக்கிறது என்று முயல்களை வைத்து நிரூபித்தார். ஆக, குழாய் உடையவில்லை. யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஜோடியாக வந்தால்தான் அனுமதி!

அடுத்த துப்பு 1960-ல் கிடைத்தது. ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, குடல் சுவரில் ஒரு விசேஷமான வாசல் இருக்கிறது என்றார். அந்த வாசலில் ஒரு கறாரான வாட்ச்மேன் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குளுகோஸும் உப்பில் உள்ள சோடியமும் ஜோடியாக வந்தால்தான் உள்ளே விடுவான். ஜோடி உள்ளே போனால், பின்னாலேயே தண்ணீரும் போகும்.

காலரா நச்சு இந்த வாசலைத் தொடுவதில்லை! குடல் ஒரு பக்கம் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாலும், இந்த வாசல் வழியாக இழந்ததைத் திரும்பக் கொடுத்துவிட முடியும். வெறும் தண்ணீரோ, வெறும் உப்புத் தண்ணீரோ இந்த வேலையைச் சரியாகச் செய்யாது. சர்க்கரை ருசிக்காகப் போடுவது அல்ல; உப்பை உள்ளே அழைத்துப் போகும் துணை அது. (நம் வீட்டுச் சர்க்கரையும் குடலில் உடைந்து பாதி குளுகோஸாகிறது.)

ஆனால் அளவு முக்கியம். 1962-ல் மணிலாவில் அமெரிக்கக் கடற்படை டாக்டர் ராபர்ட் ஃபிலிப்ஸின் குழு இப்படி ஒரு கரைசலைக் கொடுத்துப் பார்த்தது. கரைசல் ரொம்பக் கெட்டியாக இருந்ததால், உடம்பிலிருந்த தண்ணீரை அது குடலுக்குள் இழுத்துவிட்டது. சில நோயாளிகள் இறந்துபோனார்கள். 'கொஞ்சம் கூடப் போட்டால் என்ன?' என்று நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

சரியான அளவையும் முறையையும் 1968-ல் டாக்காவில் காட்டினார்கள் இரண்டு இளம் அமெரிக்க டாக்டர்கள்: டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ். இருவருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை. வெளியே போகிற அளவை அளந்து, அதே அளவு கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். டிரிப்ஸின் தேவை 80 சதவீதம் குறைந்தது! கல்கத்தாவிலும் ஆராய்ச்சியாளர்கள் இதையே கண்டார்கள். இருந்தும் தயக்கம். ''ஆஸ்பத்திரியில், டாக்டர் கண் முன்னால் சரி. படிக்காத ஜனங்கள் கையில் கொடுத்தால் என்ன ஆகும்?''

பன்கான், 1971

விடை ஒரு பெரும் துயரத்திலிருந்து வந்தது. 1971-ல் கிழக்குப் பாகிஸ்தானில் போர். ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் உயிருக்குப் பயந்து இந்தியாவுக்குள் ஓடி வந்தார்கள். மேற்கு வங்க எல்லையில் பன்கான் என்ற ஊர். மழைக்காலம், நெரிசல், அசுத்தத் தண்ணீர்... காலரா புகுந்துவிட்டது.

கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த குழந்தை மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் அங்கே போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு 36 வயது. ஆஸ்பத்திரியில் இரண்டு அறைகள். தரையெல்லாம் நோயாளிகள். மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட்டுத்தான் ஊசி குத்த வேண்டும்! அவர் குழுவில் டிரிப்ஸ் ஏற்றத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டே வந்தன. இரண்டு நாளில் அவருக்குப் புரிந்துவிட்டது, இப்படியே போனால் தோல்விதான் என்று.

ஒரு முடிவெடுத்தார். கல்கத்தாவில் இருந்த தங்கள் மையத்தின் நூலக அறையைப் பொட்டலம் கட்டும் இடமாக மாற்றச் சொன்னார். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. நிறுத்து, பிளாஸ்டிக் பைகளில் போட்டு, இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் ஒட்டினார்கள். பன்கானில் அதைக் கரைத்து டிரம்களில் நிரப்பி வைத்தார்கள். டிரம்மில் குழாய் உண்டு. பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்தது யார் தெரியுமா? அம்மா, அப்பா, அக்கா, தம்பி... கூட இருந்த சொந்தக்காரர்கள்தான்! 'வாய்வழி சலைன்' என்று பெயர் சொன்னதும் ஜனங்களுக்கும் நம்பிக்கை வந்தது. ஒரு லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா.

பலன்? அதுவரை நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். மஹலனாபிஸின் பொறுப்பில் 3,700-க்கும் மேற்பட்ட நோயாளிகள் சிகிச்சை பெற்றார்கள், சாவு 3.6 சதவீதமாகக் குறைந்தது! கரைசல் தயாரிக்கும் முறையைத் துண்டுப் பிரசுரமாக எல்லையெங்கும் கொடுத்தார்கள். வங்காளதேச விடுதலைப் போராளிகளின் ரகசிய வானொலியில்கூட ஒலிபரப்பினார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் டாக்டர் திமன் பருவா முகாமுக்கு வந்து இதைக் கண்ணால் பார்த்தார். பிறகு இதை உலக அரங்கில் எடுத்துச் சொல்லிப் போராடியவர்களில் அவர் முக்கியமானவர். 1970-களின் கடைசிக்குள் இது உலகெங்கும் போகும் திட்டமானது. 2022 அக்டோபரில் கொல்கத்தாவில் காலமானார் மஹலனாபிஸ். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. வாழும்போது நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரிந்திருந்தது?

மூன்று விரல் உப்பு, ஒரு பிடி வெல்லம்

பொட்டலம் கிடைக்காத கிராமங்களுக்கு? 'பிராக்' என்ற வங்காளதேசத் தொண்டு நிறுவனம் அதற்கும் வழி கண்டது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். 1980-லிருந்து பத்து வருஷம், வீடு வீடாகப் பெண் ஊழியர்கள் போய்த் தாய்மார்களின் கையாலேயே கரைக்க வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். 1 கோடியே 20 லட்சம் வீடுகள்!

சம்பளத்திலும் ஒரு புதுமை செய்தார்கள். எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று பார்க்கவில்லை. அந்தத் தாய்க்கு எத்தனை விஷயம் நினைவிருக்கிறது என்று பிறகு போய்ச் சோதித்து, அதன்படி கூலி கொடுத்தார்கள். ஆரம்பத்தில் ஊழியர்களுக்கே இதில் நம்பிக்கை இல்லை! அவர்களுக்கு முதலில் புரிய வைத்த பிறகே, ஊர் நம்பியது.

நம் வீட்டில்?

உலக சுகாதார நிறுவனம் 2024-ல் தந்த கணக்குப்படி, வயிற்றோட்டத்தால் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சத்து 40 ஆயிரம் குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறக்கிறார்கள். நம் நாட்டில் 2019-21 குடும்பநல ஆய்வில், வயிற்றோட்டம் கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு அறுபது பேருக்குத்தான் இந்தக் கரைசல் கொடுக்கப்பட்டிருந்தது. மீதி நாற்பது? 'பேதி ஆகும்போது தண்ணி கொடுத்தா இன்னும் அதிகமாகும்' என்று நாக்கை நனைக்கக்கூட விடாத பாட்டிமார்கள் இன்றும் உண்டு. பேதியை இந்தக் கரைசல் உடனே நிறுத்தாது, உண்மைதான். ஆனால் உயிரை நிறுத்தி வைக்கும்!

ஆராய்ச்சியும் நிற்கவில்லை. 2000-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், எளிதில் செரிக்காத ஒரு வகை மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தால் காலராவில் பேதியின் அளவும் குறைகிறது என்று காட்டினார்கள். 2002-ல் உலக சுகாதார நிறுவனம் உப்பு, குளுகோஸ் அளவைக் குறைத்துப் புதிய கரைசலைப் பரிந்துரைத்தது. இன்று நீங்கள் வாங்க வேண்டியது அதைத்தான்.

கடையில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டுச் சர்க்கரை பானங்கள் விற்கப்பட்டதால், அந்த எழுத்துகளைப் பானங்களின் பெயரில் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. மருந்துக் கடையில் உலக சுகாதார நிறுவன முறைப்படி தயாரித்த பொட்டலத்தைக் கேட்டு வாங்குங்கள். சர்க்கரை மிகுந்த பானங்கள் பேதியை அதிகப்படுத்தும்.

இரண்டு பொட்டலங்களை வாங்கி வீட்டு அலமாரியில் வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத்தான் அவற்றின் அருமை தெரியும்!

கவனியுங்கள்!

* பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ, அவ்வளவு தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள். பாதிப் பொட்டலம், பாதி டம்ளர் என்று கணக்குப் போட வேண்டாம்.

* பொட்டலம் இல்லையா? கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில், தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி அரை டீஸ்பூன் உப்பு. கண்ணீரை விடக் கரிக்கக் கூடாது. கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

* ஒவ்வொரு தடவை பேதியான பிறகும், 2 வயதுக்குள் 50 முதல் 100 மி.லி.; 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மி.லி. பெரியவர்கள் வேண்டிய மட்டும் குடிக்கலாம்.

* வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகத் தொடருங்கள்.

* தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சாப்பிடுகிற குழந்தையைப் பட்டினி போடாதீர்கள்.

* கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

* குழந்தைகளுக்கு 10 முதல் 14 நாள் துத்தநாக மாத்திரையும் தேவை. அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

* குழந்தை துவண்டு கிடந்தாலோ, குடிக்க முடியாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ வீட்டு வைத்தியம் போதாது. உடனே ஆஸ்பத்திரி! போகிற வழியிலும், விழுங்க முடிகிற குழந்தைக்குக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.