நாயின் இனமா, வளர்ப்பின் குறையா?

வளவுக்குக் காவல் தேடி நாய்க்குட்டி வாங்குபவர்கள் பலர் முதலில் கேட்பது, "நல்லாய்க் கடிக்கிற இனம் எது?" என்பதே. ஆனால் காவல் நாயின் வேலை குரைத்து அறிவிப்பது, கடிப்பது அல்ல.

சில நாடுகள் ஆபத்தான இனங்களைச் சட்டத்தால் தடுத்துள்ளன. பிரித்தானியாவின் 1991ஆம் ஆண்டுச் சட்டம், சண்டைக்கென வளர்க்கப்படும் பிற்புல் ரெரியர், ஜப்பானிய டோசா முதலிய நாய்களைக் கட்டுப்படுத்தியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023இல் எக்ஸ்எல் புல்லி இனமும் சேர்க்கப்பட்டது. நெதர்லாந்தோ 1993இல் பிற்புல்லைத் தடுத்து, நாய்க்கடி குறையாததைக் கண்டு 2008இல் தடையை நீக்கிவிட்டது.

பெரிய தாடையுள்ள நாய் கடித்தால் காயம் பெரிது என்பது உண்மை. ஆனால் ஊர்நாயும் கடிக்கும். பயம், நோவு, குட்டியைக் காக்கும் எண்ணம், நாள் முழுவதும் சங்கிலியில் கிடப்பது ஆகியவை எந்த நாயையும் மூர்க்கமாக்கும். இடம்பெயர்ந்து நெருக்கமாகக் குடியிருக்கும்போது, புது இடமும் புது முகங்களும் நாயை மிரளச் செய்யும். அப்போது முதலில் கடிபடுவது பெரும்பாலும் நம் பிள்ளைகளே.

ஆகவே பின்வருவனவற்றைக் கவனிப்போம்:

1. எட்டுக் கிழமைக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம்.

2. முதல் மூன்று மாதமே பழக்குவதற்கு நல்ல காலம். பிள்ளைகள், அயலவர், ஆடு மாடு, சைக்கிள் எல்லாவற்றையும் பயமின்றிப் பார்க்கப் பழக்குங்கள்.

3. "வா", "இரு", "விடு" என்ற சொற்களை நாள்தோறும் சில நிமிடம் பழக்குங்கள். வீட்டார் எல்லோரும் ஒரே சொல்லையே பயன்படுத்த வேண்டும். சொற்கேட்டால் ஒரு துண்டு கருவாடு போதும். அடிக்க வேண்டாம். அடிபட்ட நாய், தடவ நீட்டும் கையையும் கடிக்கும்.

4. தின்னும்போதும் உறங்கும்போதும் நாயைச் சீண்டக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். சிறு குழந்தையை எந்த நாயுடனும் தனியே விட வேண்டாம்.

5. விசர்நாய்த் தடுப்பூசியை வருடந்தோறும் போடுவியுங்கள். நாய் கடித்தால், காயம் சிறிதாயினும், சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். மருந்து கட்டிக்கொண்டு வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

பெரிய இன நாய்க்குத் தீனியும் பழக்க நேரமும் நிறைய வேண்டும். அவை இல்லாத வீட்டுக்கு, நன்கு பழக்கிய ஊர்நாயே நல்ல காவல்.