ஒரே சளி, தாத்தாவுக்கு மட்டும் ஏன் இளைப்பு?

உங்களுக்குச் சளி பிடித்தால் சில நாளில் போய்விடுகிறது. அதுவே தாத்தாவுக்குத் தொற்றினால் நெஞ்சில் கட்டிக்கொள்கிறது. ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே இளைக்கிறார். கிருமி ஒன்றுதானே, ஏன் இந்த வித்தியாசம்?

நம் மூச்சுக்குழாய் மரக்கிளைபோல் பிரிந்து பிரிந்து, கோடிக்கணக்கான காற்றுப்பைகளில் முடிகிறது. குழாயின் உட்சுவரில் மெல்லிய சளிப்படலம் உண்டு. தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ளும். அடியிலுள்ள நுண்மயிர்கள் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து, அந்தச் சளியைத் தொண்டைக்குத் தள்ளிவிடும். நாம் விழுங்கியதும் வயிற்று அமிலம் கிருமிகளைக் கொன்றுவிடும்.

இந்தக் காவல் எப்படிக் குலைகிறது? திண்டுக்கல் பேகம்பூரைப் பாருங்கள். அங்கே தோல் ஷாப்கள் என்னும் தோல் பதனிடும் ஆலைகள் பல தலைமுறையாக நடக்கின்றன. சுற்றுவட்டாரத்தில் நூல் மில்களும் நிறைய. தோல் பதனிடும் ரசாயன நெடி, பஞ்சுத் தூசி, விறகடுப்புப் புகை, பீடிப் புகை ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கலாம். புகை நுண்மயிர்களையும் அழிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கோ சின்ன வயதிலேயேகூட குழாய் சட்டென்று சுருங்கலாம்.

இப்படிப் பாதிக்கப்பட்டவர்களின் நெஞ்சில் கிருமி நுழைந்தால் சளி பெருகும். தள்ளிவிட ஆள் இல்லை. இங்கே ஒரு கணக்கு: குழாயின் அகலம் பாதியானால், காற்று போக இரண்டு மடங்கு அல்ல, 16 மடங்கு சிரமம்! அதனால்தான் நமக்குச் சாதாரணமான சளி அவர்களை ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகிறது. கிருமி காற்றுப்பைகள் வரை இறங்கிவிட்டால் அது நிமோனியா.

நீங்கள் என்ன செய்யலாம்?

இருமும்போது முழங்கை மடிப்பால் வாயை மூடுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சளி பிடித்திருந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டே தாத்தா பக்கம் போங்கள். தாத்தா மூச்சோடு மருந்தை இழுக்கும் இன்ஹேலரைப் பற்றி "அது பழகிப்போகும்" என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். மருந்து நேராகக் குழாய்க்கே போவதால் குறைந்த அளவே போதும். தாத்தாவுக்கு ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான நிமோனியா தடுப்பூசி 2021 முதல் நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

வீட்டில் ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் தம்பியோ பாப்பாவோ இருமுகிறார்களா? அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். யாருக்காவது பேசவே மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பூத்தாலோ 108-ஐ அழையுங்கள். இவ்வளவும் தெரிந்த நீங்கள் வீட்டுக்கு ஒரு காவலர்தான்!